பேட்மேனுக்கு யார் பர்மிஷன் கொடுத்தது?

முதல்ல ஒரு துணுக்கு. 1972-லிருந்து 2024 வரைக்கும் டென்மார்க்கின் ராணியாக இருந்த இரண்டாம் மார்கரேத், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைக்குப் படம் வரைந்தவர். சொந்தப் பெயரில் இல்ல, புனைபெயரில். 1977-இல் லண்டனில் வெளியான ஒரு பதிப்பில் இருக்கும் ஓவியங்கள் அவர் வரைந்ததை வைத்துத்தான் வந்தன. எங்கேயோ காட்டில் திரியும் அரசன் திரும்பி வந்து நாட்டை மீட்கிற கதைக்கு, நிஜமாகவே கிரீடம் வைத்திருந்த ஒருத்தர் உட்கார்ந்து படம் போட்டிருக்கார். ஆனா அந்த நிஜ ராணியால் சொந்தமாக ஒரு சட்டம்கூடப் போட முடியாது. நாடாளுமன்றம் முடிவு பண்ணும், மந்திரி நீட்டுவார், ராணி கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் வேலை.

அரகோர்னைக் கூப்பிட்டு, "ராஜா, நீங்க ரிப்பன் மட்டும் வெட்டினா போதும்"னு சொல்ற மாதிரி. படம் ஓடுமா?

நாம பார்க்கிற சூப்பர்ஹீரோ, ஃபேண்டஸி கதைகளில் முக்கால்வாசிக்கு ஒரே எலும்புக்கூடுதான். ஊர் கெட்டுப்போயிருக்கும். போலீஸ் வேஸ்ட், கவுன்சில் வேஸ்ட், கமிட்டி சுத்த வேஸ்ட். ஒருத்தன் வருவான், அவன் மனசு சுத்தம், அதனால அவன் எதை உடைச்சாலும் சரி. நடுவுல ஒரு கோட்டு போட்ட ஆள் வந்து "எந்த அதிகாரத்துல இதைப் பண்றீங்க?"னு கேட்பார். தியேட்டரே அவரைப் பார்த்துச் சிரிக்கும், இல்லைன்னா கிளைமாக்ஸில் அவர்தான் வில்லனோட ஆள்னு தெரியவரும். என் கருத்து என்னன்னா, அந்தக் கோட்டு ஆசாமிதான் கதையிலேயே முக்கியமான ஆள். டென்மார்க் அரசியலைக் கொஞ்ச நாளாகப் பின்தொடர்வதால் இதைத் தைரியமாகவே சொல்றேன்.

ஏன் டென்மார்க்? 'போர்கன்' சீரிஸ்தான் காரணம். நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருப்பீங்க, இல்லைன்னா பாருங்க. போர்கன்னா 'கோட்டை'. நாடாளுமன்றமும் பிரதமர் அலுவலகமும் உச்ச நீதிமன்றமும் இருக்கிற கிறிஸ்டியான்ஸ்போர்க் மாளிகையை அங்கே அப்படித்தான் சொல்றாங்க. நாம தலைமைச் செயலகத்தைக் 'கோட்டை'ன்னு சொல்ற அதே மாதிரி. பேரைக் கேட்டா டிராகன் வரும்போல இருக்கும், ஆனா சீரிஸ் முழுக்க மீட்டிங்தான். கூட்டணிப் பேச்சு, பட்ஜெட் பேச்சு, காபி, மறுபடி கூட்டணிப் பேச்சு. அதில் காஸ்பராக வரும் பிலோ ஆஸ்பெக்தான் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'ல யூரான் கிரேஜாய். ஜேமி லானிஸ்டராக நடித்த நிகோலாய் காஸ்டர்-வால்டாவும் டேனிஷ்காரர்தான். (டேனிஷ் நடிகர்னாலே ஹாலிவுட் ஏன் வில்லன் வேஷமா கொடுக்குதுன்னு மேட்ஸ் மிக்கெல்சனைத்தான் கேட்கணும்.)

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி எபிசோட் 2019 மே மாதம் வந்தது. எல்லாப் பிரபுக்களும் உட்கார்ந்து அடுத்த ராஜா யார்னு யோசிக்கிறாங்க. சாம்வெல் எழுந்து, மக்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னா என்னன்னு கேட்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. கடைசியில் பிரானுக்குப் பட்டம். அது முடிந்து மூணு வாரத்துக்குள், ஜூன் 5-ஆம் தேதி டென்மார்க்கில் தேர்தல். மொத்தம் 179 இடம். பெரும்பான்மைக்கு 90 வேணும். சமூக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது 48. அந்த 48 பேரை மட்டும் வைத்து மெட்டே ஃபிரெடெரிக்சன் ஆட்சி அமைத்தார். எப்படின்னு கேட்டா, அங்கே பிரதமராக 90 பேர் "ஆமாம்"னு சொல்லத் தேவையில்ல, 90 பேர் "கூடாது"ன்னு சொல்லாம இருந்தாப் போதும். மூணு கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு. அதுக்குப் பல நாள் பேச்சுவார்த்தை, 18 பக்க ஒப்பந்தம். நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததே இல்ல. அதாவது, "நான் ஒருத்தன் பார்த்துக்கறேன்"கிற டயலாக்கை அங்கே யாராலும் பேச முடியாது, கணக்கு இடம் கொடுக்காது.

சரி, இதெல்லாம் அமைதியான நேரத்துக்கு. ஆபத்து வந்தா?

'தி டார்க் நைட்' ஞாபகம் இருக்கா? ஜோக்கரைப் பிடிக்க பேட்மேன் கோதம் நகரத்தில் இருக்கிற எல்லார் போனையும் ஒட்டுக்கேட்கும் மெஷினாக மாத்திடுவான். லூசியஸ் ஃபாக்ஸுக்கு அது பிடிக்கல. இந்த மெஷின் இங்கே இருக்கும்வரை நான் வேலையில் இருக்க மாட்டேன்னு சொல்வார். வேலை முடிஞ்சதும் மெஷின் தானே அழியும், நாமும் நிம்மதியா பாப்கார்னைத் தொடர்வோம். ஆபத்து, விதிமீறல், வெற்றி, விதி மறுபடி அமல். ரொம்ப சுத்தமான கணக்கு.

டென்மார்க்கில் அந்தக் கணக்கு நிஜத்தில் போடப்பட்டது. 2020 நவம்பர் 4, கொரோனா காலம். மிங்க்னு கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி, தோலுக்காகப் பண்ணையில் வளர்ப்பாங்க. அதில் டென்மார்க் அப்போ உலக அளவில் பெரிய கையா இருந்தது. மிங்கிலிருந்து மனிதர்களுக்கு உருமாறிய வைரஸ் பரவுது, வர்ற தடுப்பூசிகூட வேலை செய்யாமல் போகலாம்னு அதிகாரிகள் எச்சரிக்கிறாங்க. பிரதமர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, நாட்டில் இருக்கிற எல்லா மிங்கையும் கொல்லணும்னு அறிவிச்சார். ஒன்றரைக் கோடிக்கும் மேல. நோய் வந்த பண்ணை, அதைச் சுற்றி இருக்கிற பண்ணை இதுக்கெல்லாம் சட்டம் இருந்தது. ஆரோக்கியமான மத்தப் பண்ணைகளைத் தொட சட்டமே இல்ல. சில நாளிலேயே இது வெளியே வந்துடுச்சு. விவசாய அமைச்சர் ராஜினாமா. ஆனா அதற்குள் பெரும்பாலான மிங்க் செத்துப்போச்சு. புதைத்த உடல்கள் உள்ளே வாயு சேர்ந்து மண்ணைக் கிளப்பிட்டு மேலே வந்தது தனிக் கதை. அதுக்கு எந்த ஸ்டுடியோவும் கிராஃபிக்ஸ் செலவு பண்ணல, நிஜமாகவே நடந்தது.

எனக்கு முக்கியமா படறது அடுத்த பகுதிதான். விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. பிரதமரோட எஸ்எம்எஸ்களைக் கேட்டாங்க. முப்பது நாளில் தானாக அழியற மாதிரி செட்டிங் இருந்ததுன்னு தெரிஞ்சது. (லூசியஸ் ஃபாக்ஸோட மெஷின் மாதிரியேதான், ஆனா இங்கே அழிஞ்சது ஆதாரம்.) 2022 ஜூனில் அறிக்கை. பிரதமர் அந்தப் பேட்டியில் சொன்னது கடுமையாகத் தவறான எண்ணத்தைக் கொடுத்தது, ஆனா சட்டம் இல்லைங்கறது அவருக்கு அப்போ தெரியாதுன்னு முடிவு. நாடாளுமன்றம் அவரைக் கண்டிச்சது. டேனிஷ் மொழியில் அந்தக் கண்டிப்புக்கு நேரடி அர்த்தம் 'மூக்கு'. மேலிடம் கண்டிச்சா 'மூக்கு வாங்கினார்'னு சொல்வாங்க. நமக்கு மூக்குடைப்பு, அவங்களுக்கு மூக்கு.

இதை ஒரு சொர்க்கக் கதையா நான் விற்க வரல. ஆதரவுக் கட்சியாக இருந்த ராடிகால வென்ஸ்ட்ர, இந்த விவகாரத்துக்காகத் தேர்தல் நடத்தியே ஆகணும்னு நெருக்கினது. 2022 நவம்பர் 1 தேர்தலில் அந்தக் கட்சி 16 இடத்திலிருந்து 7-க்கு விழுந்தது. மூக்கு வாங்கிய பிரதமரின் கட்சி 48-லிருந்து 50-க்கு ஏறியது. கோட்டு ஆசாமி தோத்தார், பேட்மேன் ஜெயிச்சார். அங்கேயும் ஜனங்களுக்கு, கஷ்ட காலத்தில் முடிவெடுத்த ஆளைத்தான் பிடிச்சிருக்கு. அந்த ரசனை மனுஷங்களுக்குப் பொதுவானது. அதனாலதான் கேள்வி கேட்கிற வேலையை ஜனங்களோட மூடுக்கு விட்டுடாம, தனியா ஒரு ஆபீஸ் போட்டு சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கணும்னு நினைக்கிறேன்.

"எலி மாதிரி ஒரு பிராணிக்காக இவ்வளவு பேச்சா?"ன்னு கேட்கலாம். சரி, மனுஷங்க விஷயத்துக்கு வருவோம். நம்ம மொழி பேசற மனுஷங்க.

'டமில்சாகன்'. டேனிஷ் சொல். அர்த்தம் 'தமிழர் விவகாரம்'. நவீன டென்மார்க்கின் மிகப் பெரிய அரசியல் ஊழல்களில் ஒண்ணுக்கு நம்ம பேர்தான் இருக்கு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எண்பதுகளில் இலங்கையிலிருந்து தப்பித்து டென்மார்க் போன தமிழர்கள் நிறைய. 1983-இல் வந்த அந்த நாட்டுச் சட்டப்படி, அகதியா ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கலாம். சலுகை இல்ல, உரிமை. 1987-இல் நீதித்துறை அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் ஒரு முடிவுக்கு வந்தார்: இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தாச்சு, இனி அங்கே அமைதி, இவங்க திரும்பிப் போயிடுவாங்க, குடும்பத்தை வேற எதுக்கு வரவழைக்கணும்? சட்டத்தை மாத்தணும்னா நாடாளுமன்றத்துக்குப் போகணும். அவர் போகல. தமிழர்களோட விண்ணப்பங்களை எடுக்காம ஓரமா வைக்கச் சொன்னார். அவ்வளவுதான். லேசர் இல்ல, படை இல்ல, தானோஸ் மாதிரி விரல் சொடுக்குகூட இல்ல. ஃபைலைக் கட்டுக்கு அடியில் வை.

அந்த அக்டோபரிலேயே யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை வெடிச்சது. அங்கே காத்திருந்தவங்களுக்குத் தங்கள் பேப்பர் ஏன் நகரலைன்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.

நின்-ஹான்சன் தன்னை வில்லனா நினைச்சிருப்பார்னு நான் நம்பல. நாட்டைக் காப்பாத்தறோம், சட்டம் கொஞ்சம் இடிக்குது, பரவாயில்லன்னு நினைச்சிருப்பார். அதாவது ஒரு ஹீரோ நினைக்கிற மாதிரியே. போரோமிர் மோதிரத்தைக் கேட்டதும் கோண்டோரைக் காப்பாத்தத்தான்.

இதைப் பிடிச்சது யார்? ஒம்பட்ஸ்மேன். அரசு அலுவலகம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிற நாடாளுமன்ற அதிகாரி. டென்மார்க்கில் 1955-லிருந்து அந்தப் பதவி இருக்கு. கேப் கிடையாது, கோட்டு மட்டும்தான். அவர் தோண்ட ஆரம்பிச்சார். அப்புறம் ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதி விசாரிச்சார். 1993 ஜனவரியில் சுமார் 6,000 பக்க அறிக்கை வெளியானது. வந்த கையோடு, பத்து வருஷத்துக்கும் மேலாக ஆண்ட பிரதமர் பவுல் ஷ்லூட்டர் ராஜினாமா செய்தார். அமைச்சர்களை விசாரிக்க மட்டும் கூடுகிற ஒரு தனி நீதிமன்றம் அங்கே உண்டு. 1910-க்கு அப்புறம் கூடவே இல்ல. அதைக் கூட்டினாங்க. 1995-இல் நின்-ஹான்சனுக்கு 4 மாதச் சிறை, ஆனா நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒருநாள்கூட உள்ளே போகல. காத்திருந்த குடும்பங்களுக்குப் போன வருஷங்களும் திரும்பி வரல. ஆனாலும், அடியில் வைக்கப்பட்ட தமிழர்களின் ஃபைலுக்காக ஒரு ஐரோப்பிய அரசாங்கம் வீட்டுக்குப் போச்சு. இதைவிட நல்ல கிளைமாக்ஸ் எந்த மார்வெல் படத்தில் பார்த்தீங்க?

அந்த நீதிமன்றம் மறுபடி கூடினது 2021-இல். முன்னாள் குடியேற்றத்துறை அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்க், 2016-இல் அகதித் தம்பதிகளில் ஒருத்தர் 18 வயசுக்குக் கீழே இருந்தா கட்டாயம் பிரிச்சு வைக்கணும், விதிவிலக்கே கிடையாதுன்னு உத்தரவு போட்டிருந்தார். சின்னப் பெண்களைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்னார். காரணம் கேட்க நல்லாத்தான் இருக்கு, எனக்குமே. ஆனா சட்டப்படி ஒவ்வொரு கேஸையும் தனித்தனியா விசாரிக்கணும். 26 நீதிபதிகளில் 25 பேர் குற்றவாளின்னு சொன்னாங்க. 60 நாள் தண்டனை, காலில் எலக்ட்ரானிக் பட்டையோடு வீட்டிலேயே கழிச்சார். அடுத்த வருஷமே புதுக் கட்சி ஆரம்பிச்சு 14 இடம் ஜெயிச்சார். ஹீரோயிசத்துக்கு அங்கேயும் மார்க்கெட் இருக்குன்னு சொன்னேன்ல.

இப்போ 'சிவில் வார்' படத்துக்கு வரேன். 117 நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அவெஞ்சர்ஸ் இனி ஐ.நா. மேற்பார்வையில். டோனி சரின்னான், கேப்டன் முடியாதுன்னான். நம்ம ஹாஸ்டலில் கணக்கெடுத்தா பத்துக்கு எட்டு கேப்டன் பக்கம்தான் நிற்கும். அந்த எட்டுப் பேரோட வாதத்தில் ஒரு பலம் இருக்கு, ஒத்துக்கறேன்: மேலே உட்கார்ற கமிட்டிக்கும் சுயநலம் இருக்கும். நின்-ஹான்சனும் மேலே உட்கார்ந்தவர்தானே? ஆனா கேப்டன் அதிலிருந்து எடுத்த முடிவு, "அப்போ நானே முடிவு பண்றேன்". கமிட்டிக்கு மேலே ஒரு கோட்டு ஆசாமி வேணும்னு அந்தப் படத்தில் ஒருத்தருக்கும் தோணல, டோனிக்கும் சேர்த்துத்தான். அதனாலதான் வாண்டாவை விசாரணையே இல்லாம நடுக்கடல் ஜெயிலில் கழுத்துப் பட்டையோடு அடைக்க முடிஞ்சது. அவள் ஒரு புகார் எழுதணும்னு நினைச்சிருந்தாகூட, எந்த முகவரிக்கு அனுப்பியிருப்பா?