நெஞ்சில் நின்ற சோறு



ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடி என எங்கள் பக்கம் பாக்குத் தோப்புக்குக் குறைவில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று நாற்பது வருடம் மென்ற என் சித்தப்பாவுக்குப் போன வருடம் சோறு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. முதலில் இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினார். பிறகு சாதத்தை ரசத்தில் கரைத்துக் குடித்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியபோதுதான் வீட்டில் விழித்துக்கொண்டோம். அதுவரை கேஸ் மாத்திரைதான் வைத்தியம். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

புகையிலைப் பாக்கெட்டில் படம் போட்டிருப்பதால் வாய்ப்புற்று எல்லோருக்கும் தெரியும். மென்ற அதே சாறு இறங்கும் உணவுக்குழாயை யார் நினைக்கிறார்கள்? புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. கூடவே பீடியும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களையும் 2016-ல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். பாக்கு விளையும் ஊரில் இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பாக்கு மட்டைத் தட்டு விற்பதை நான் தடுக்கவில்லையே.

சிகிச்சை முதல்வர் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. ஆனால் கஞ்சியை வடிகட்டித்தான் அவருக்கு உணவு செலுத்தப் பொருத்திய குழாயில் ஊற்ற வேண்டும், தலையை உயர்த்தி வைக்க வேண்டும், பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தது, கதிர்வீச்சு வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. இப்படிப்பட்ட குடும்பங்களை மாதம் ஒருமுறை ஓர் அறையில் உட்கார்ந்து பேச வைக்க அரசு மருத்துவமனைகள் ஏற்பாடு செய்யலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்