நாலு வழிப் பாலத்தை உடைத்த ஊர்... கடைவீதி பிழைத்த கதை!

ஊருக்கு நடுவே ஓர் அருவி. ஆனால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பலர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. 1960-ல் அருவிக்கு நேர் மேலே நாலு வழிப் பாலம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். ஆற்றிலோ துணி மில்களின் சாயக் கழிவு. 2002-ல் அந்தப் பாலத்தை நகராட்சியே இடித்தது. தினமும் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த பாலத்தை ஏன் இடிக்க வேண்டும் என்று ஊரே சண்டை போட்டது. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் கிரீன்வில்தான் அந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் நகர எல்லைக்குள் சுமார் 70,000 பேர். ஒரு காலத்தில் துணி மில்களால் கொழித்த ஊர். மில்கள் ஒவ்வொன்றாக மூடின. புறநகரில் மால்கள் வந்தன. மெயின் ஸ்ட்ரீட்டில் இருந்த பெரிய கடைகளும் அங்கே போய்விட்டன. சாயங்காலம் ஆனால் கடைவீதியில் ஆள் நடமாட்டம் இல்லை.

1971-ல் மேயராக வந்தவர் மேக்ஸ் ஹெல்லர். வியன்னாவில் பிறந்த யூதர். 1938-ல் நாஜிக்களிடமிருந்து தப்பி இந்த ஊருக்கு வந்து, சட்டைத் தொழிற்சாலையில் தரை பெருக்கும் வேலையில் தொடங்கி, பிறகு சொந்தத் தொழிற்சாலை வைத்தவர். அவர் மனதில் இருந்தது ஐரோப்பிய வீதி. மரம், நிழல், உட்கார ஒரு பெஞ்ச், நடந்து போகிறவருக்கு இடம். அதனால் மெயின் ஸ்ட்ரீட்டின் நாலு வழிகளை இரண்டாகக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி, மரம் நடும் திட்டம் போட்டார். கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ரோட்டைச் சுருக்கினால் வியாபாரம் எப்படி நடக்கும்?

நடந்தது. ஆனால், உடனே இல்லை. 1982-ல் ஒரு பெரிய ஹோட்டல் வந்தது. அதற்காக நகராட்சியும் பணம் போட்டது. ஹோட்டலின் முன்கூடம் கணக்குப்படி நகராட்சிப் பூங்கா! 1990-ல் ஒரு கலையரங்கம். அருவியின் முறை வர 2002 ஆகிவிட்டது. பாலத்தை இடித்து, பூங்கா போட்டு, 2004-ல் அருவியைச் சுற்றி வளைந்து போகும் நடைபாலம் ஒன்றைத் திறந்தார்கள். 1995-லிருந்து மேயராக இருக்கும் நாக்ஸ் ஒயிட்தான் இடிக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றவர். ஹெல்லர் பதவியேற்றதிலிருந்து எண்ணினால் 33 வருஷம்.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது இந்த இடம்தான்.

அந்த மாநிலத்தில் ஓட்டலில் சாப்பிடும் பில் மீது உள்ளாட்சிகள் 2 சதவிகிதம் வரை தனி வரி போடலாம். 100 டாலருக்குச் சாப்பிட்டால் 2 டாலர் ஊருக்கு. ஆனால், அந்தப் பணத்தைச் சுற்றுலாவோடு தொடர்புள்ள செலவுகளுக்குத்தான் தொடலாம் என்கிறது சட்டம். பூங்காவுக்கும் நடைபாலத்துக்கும் அந்த வரி கைகொடுத்தது.  ஊருக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவரும் பூங்காவுக்குக் காசு கொடுக்கிறார். பூங்காவைப் பார்க்க வருகிறவர் மறுபடி சாப்பிடுகிறார். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஓட்டல் மூடினால் வரியும் அன்றே நின்றுவிடும். 2020 கொரோனா நேரத்தில் இப்படி விழுந்த ஊர்கள் ஏராளம்.

அந்த நாளுக்காகத்தான் கையிருப்பு. அம்மா அரிசிப் பானையில் ஒளித்துவைக்கும் சிறுவாடு மாதிரி. குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் பொது நிதியில் தனியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க, கனடா அரசு நிதி அதிகாரிகளின் சங்கம் உள்ளாட்சிகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. கையிருப்பு நன்றாக இருந்தால் கடன் தருகிறவரும் குறைந்த வட்டிக்குத் தருவார். கிரீன்வில் நகராட்சிக்கு மிக உயர்ந்த கடன் தரமதிப்பீடு இருக்கிறது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் வயேஹோ நகரம் இருக்கிறது. ஊருக்குச் சோறு போட்ட கடற்படைக் கப்பல் தளம் 1996-ல் மூடப்பட்டது. பொது நிதியின் பெரும்பகுதி போலீஸ், தீயணைப்புத் துறைச் சம்பளத்துக்கும் சலுகைகளுக்குமே போய்க்கொண்டிருந்தது. வீட்டு விலைகள் சரிந்ததும் வரி வரவு விழுந்தது, கையிருப்பும் கரைந்தது. 2008 மே மாதம் நகராட்சி திவால் மனு கொடுத்தது. தீயணைப்பு நிலையங்கள் சில மூடப்பட்டன. வீட்டில் தீப்பிடித்தால் வண்டி எங்கிருந்து வரும் என்று ஜனங்கள் யோசிக்க வேண்டிய நிலை. அதிலிருந்து வெளியே வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

அப்படியானால் கிரீன்வில்லில் எல்லோருக்கும் சுகமா? அதுவும் இல்லை. கடைவீதி களைகட்டியதும் சுற்றுவட்டார நிலத்தின் விலையும் வாடகையும் ஏறின. தலைமுறைகளாக நகருக்குப் பக்கத்தில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியே போக நேர்ந்தது. ஊர் வளர வளர, நகர எல்லைக்குள் அவர்களின் விகிதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அருவியைப் பார்க்க ஊருக்குள் வருகிறவர்கள் கூடினார்கள். அருவிக்கு அருகே வாழ்ந்தவர்கள் குறைந்தார்கள்.

2022-ல் அதே ஆற்றின் கரையில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த பகுதியில், 60 ஏக்கரில் 'யூனிட்டி பார்க்' என்ற இன்னொரு பெரிய பூங்காவைத் திறந்தார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட விளையாட்டுத் திடல் இருந்த இடம் அது. 1930-களில் அதில் ஒரு பகுதியைப் பிடுங்கி, பேஸ்பால் மைதானத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த முறை பூங்காவோடு சேர்த்தே, பக்கத்திலிருந்த நகராட்சி நிலத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது நகராட்சி.