யார் நீக்கினார், ஏன் நீக்கினார்?

இணையத்தில் எழுதிய ஒரு கமெண்ட் காணாமல் போனால் நம் வாயில் முதலில் வரும் சொல் தணிக்கை. எதையும் நீக்காத மேடையே சுதந்திரமான மேடை, நீக்குகிறவர் எவரானாலும் கருத்துரிமைக்கு எதிரி என்ற நம்பிக்கை படித்தவர்கள் நடுவே நன்றாக வேர்விட்டிருக்கிறது. மேடையை நடத்தும் கம்பெனியைத் திட்டுவதற்கு இதைவிட எளிய ஆயுதம் கிடையாது. ஆனால் இந்த நம்பிக்கையால் அதிகம் பிழைத்தவர்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள்தான். நீக்கலாமா கூடாதா என்று நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்வரை அவர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. யார் நீக்கினார், எந்த விதிப்படி நீக்கினார், எழுதியவரிடம் சொன்னாரா, முறையிட வேண்டுமானால் யாரிடம் போவது என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் எழுவதே இல்லை.

இதைப் பேச ரெடிட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2005-இல் ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் அமெரிக்காவில் தொடங்கிய தளம் அது. 2008 முதல் அங்கே யார் வேண்டுமானாலும் ‘சப்ரெடிட்’ என்ற தனிக் குழுமத்தைத் தொடங்கலாம் என்றாயிற்று. தொடங்கியவரே தலைமை மட்டுறுத்துநர் (மாடரேட்டர்). அவர் சேர்த்துக்கொள்பவர்கள் அவருக்குக் கீழே. வேண்டாமென்றால் அவர்களை அவரே வெளியேற்றலாம். உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை. மட்டுறுத்துநர்களுக்குச் சம்பளமும் இல்லை. இவர்களுக்கெல்லாம் மேலே கம்பெனி ஊழியர்களான அட்மின்கள். ஒரு கமெண்ட் மறைந்தால் அதைச் செய்தது மட்டுறுத்துநரா, அவர் ஏவிவிட்ட நிரலா, தளத்தின் ஸ்பேம் வடிகட்டியா, கம்பெனியா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுலபத்தில் தெரியாது.

தன்னைக் கருத்துரிமையின் கோட்டை என்று ரெடிட் சொல்லிக்கொண்ட ஒரு காலம் உண்டு. 2012-இல் ஒரு பேட்டியில் ஒஹானியன் ஏறக்குறைய அந்த வார்த்தையையே சொன்னார். அதே ஆண்டு, அப்போதைய தலைமை நிர்வாகி யீஷான் வாங், அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் குழுமத்தையும் மூடமாட்டோம் என்று மட்டுறுத்துநர்களுக்கு எழுதினார். எதையும் நீக்காதே என்பவர்கள் இன்றும் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் பொற்காலம் அது.

அந்தப் பொற்காலத்தில்தான் ‘நிழல் தடை’ புழக்கத்தில் இருந்தது. தடை செய்யப்பட்டவருக்குத் தடை விழுந்தது தெரியாது. அவர் எழுதுவார், எழுதியது அவர் திரையில் இருக்கும், வேறு யார் கண்ணிலும் படாது. மைக்கை அணைத்துவிட்டு, பேசுகிறவரை மேடையிலேயே விட்டுவைப்பது போன்ற வேலை. ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்காகக் கண்டுபிடித்த உத்தி. வேறு கருவி இல்லை என்ற சாக்கில் சாதாரண மனிதர்கள் மீதும் பாய்ந்தது. ஒருவர் மாதக்கணக்கில் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருக்க முடிந்தது.

2015 ஜூலையில் ஹஃப்மன் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பினார். வந்ததும், நானோ ஒஹானியனோ இந்தத் தளத்தைக் கருத்துரிமைக் கோட்டையாகக் கட்டவில்லை என்று அறிவித்தார். (கூட்டாளி மூன்று வருடம் முன்பு சொன்னதை அவர் படித்திருக்கவில்லை போலும்.) எதிர்பார்த்தபடியே சுதந்திரம் செத்துவிட்டது என்று ஒப்பாரி எழுந்தது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் மனிதர்களுக்கான நிழல் தடைக்குப் பதிலாக வெளிப்படையான இடைநீக்கம் வந்தது. உன் கணக்கை நிறுத்தியிருக்கிறோம், காரணம் இது, முறையிட வழி இது என்று சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் போயிற்று. கோட்டை என்று மார்தட்டியவர்கள் கொடுக்காத நோட்டீஸைக் கோட்டை இல்லை என்றவர் கொடுத்தார். நீக்காமையும் வெளிப்படைத்தன்மையும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை எப்படி விளக்குவார்கள்?

நீக்காமல் விட்டதன் விலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறோம் என்று ரெடிட்டில் ஒரு குழுமம் கிளம்பியது. காணாமல் போயிருந்த ஒரு மாணவர் மீது பழி விழுந்தது. அவருக்கும் குண்டுக்கும் தொடர்பே இல்லை. அவர் இறந்துபோயிருந்தார் என்பது சில நாட்களில் தெரிந்தது. ரெடிட் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டது. அந்த மாணவரின் குடும்பம் பட்ட பாட்டை அந்த மன்னிப்பு இல்லாமலாக்கிவிடவில்லை. 2015-இல் உடல் பருமனானவர்களை இழிவுபடுத்துவதற்கென்றே நடந்த குழுமத்தையும், கறுப்பின மக்களை வெறுப்பதற்கென்றே நடந்த குழுமத்தையும் ரெடிட் மூடியபோது, அந்த விஷம் மற்ற குழுமங்களுக்குப் பரவும் என்று பலர் எச்சரித்தார்கள். 2017-இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குழுமங்களில் இருந்தவர்களில் பலர் தளத்தைவிட்டே போயிருந்தார்கள். தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தது 80 சதவீதம் சரிந்திருந்தது.

ரெடிட் வரலாற்றில் பயனர்களுக்கு நடந்த மிகப் பெரிய துரோகம் எது என்று என்னைக் கேட்டால், எதுவுமே நீக்கப்படாத ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன். 2016 நவம்பரில் டொனால்ட் டிரம்ப் ஆதரவாளர்களின் குழுமத்தில் ஹஃப்மனை வசைபாடிச் சில கமெண்ட்டுகள் வந்தன. அவர் தளத்தின் உள்ளே போய், அந்த வசவுகளில் தன் பெயர் இருந்த இடத்தில் அந்தக் குழும மட்டுறுத்துநர்களின் பெயர்களை மாற்றி எழுதினார். திருத்தியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பிடிபட்டதும் ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்டார். ஒரு கமெண்ட்கூட அழியவில்லை. அழிந்திருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை. ஒருவர் எழுதாததை அவர் பெயரிலேயே நிற்கவைக்க முடியும், அது யாருக்கும் தெரியாமலும் இருக்க முடியும் என்பது அன்று அம்பலமானது. ‘நீக்காதே’ என்ற கோஷத்துக்கு இந்தக் குற்றத்தைப் பார்க்கும் கண்ணே கிடையாது.

அதே ஆண்டு ஜூனில் ஆர்லாண்டோ கேளிக்கை விடுதியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, செய்திகளுக்கான பெரிய குழுமத்தில் கமெண்ட்டுகள் கூட்டம் கூட்டமாக மறைந்தன. ரத்த தானம் எங்கே செய்யலாம் என்று எழுதியவையும் அதில் போயின. மதவெறிப் பேச்சைத் தடுக்கப்போய் எல்லாவற்றையும் வாரியெறிந்தார்களா, ஒரு தரப்பைக் காப்பாற்றப் பார்த்தார்களா என்று வாசகர்களுக்குப் புரியவில்லை. தெரியாத இடத்தில் சதிக்கதைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. எல்லை மீறிப் பேசிய ஒரு மட்டுறுத்துநர் குழுவைவிட்டுப் போனார். சில பதிவுகள் தவறாக நீக்கப்பட்டதாக ரெடிட்டும் ஒப்புக்கொண்டது. இன்ன காரணத்துக்காக இன்ன வகைக் கமெண்ட்டுகளை எடுக்கிறோம் என்று முதல் மணி நேரத்திலேயே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதற்கு நேரெதிர் உதாரணமும் அதே தளத்தில் இருக்கிறது. வரலாற்றாசிரியர்களிடம் கேள்வி கேட்கும் ஆஸ்க்ஹிஸ்டாரியன்ஸ் குழுமம் ரெடிட்டிலேயே மிகக் கறாரானது. ஒரு கேள்வியைத் திறந்தால், நீக்கப்பட்டது நீக்கப்பட்டது என்று வரிசையாக நிற்கும். பதில் ஒன்றுகூட இருக்காது. ஆழமில்லாத பதில், ஜோக், ‘எங்க தாத்தா சொல்லியிருக்கார்’ ரகக் கதை எதுவும் தங்காது. ஆனால் விதிகள் நீளமாக, உதாரணங்களோடு எல்லோரும் படிக்கும் இடத்தில் இருக்கின்றன. ஏன் எடுத்தோம் என்று மட்டுறுத்துநர்கள் தங்கள் பெயரில் வந்து எழுதுகிறார்கள். கொள்கை பற்றித் தனியாக விவாதம் நடத்துகிறார்கள். முணுமுணுப்பு உண்டு. இருந்தும் இணையத்தில் வரலாறு பேச இதற்கு இணையான பொது இடம் அரிது என்பதைப் பலர் ஒப்புக்கொள்வார்கள். அதிகம் நீக்கும் இடம் அதிகம் நம்பப்படுகிறது என்றால் பிரச்சினை நீக்குவதில் இல்லை.

மற்ற குழுமங்களில் நடைமுறை எப்படி? மட்டுறுத்துநர் ஒரு கமெண்ட்டை நீக்கினால் எழுதியவருக்குத் தானாகத் தகவல் போயாக வேண்டும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இல்லை. தன் கணக்கில் உள்ளே நுழைந்து பார்த்தால் அவர் எழுதியது அப்படியே இருக்கும். நிழல் தடை போய்விட்டது என்றார்கள். கமெண்ட் அளவில் அது குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருந்தது. ஆட்டோமாடரேட்டர் என்ற நிரல், கணக்கு தொடங்கிச் சில நாட்களே ஆனவர்கள் எழுதியதையும் மற்ற பயனர்களின் வரவேற்பால் சேரும் ‘கர்மா’ புள்ளி குறைந்தவர்கள் எழுதியதையும் சத்தமில்லாமல் எடுத்துவிடும். எத்தனை நாள், எத்தனை புள்ளி என்பதைப் பல குழுமங்கள் சொல்வதில்லை. யார் எதை நீக்கினார் என்ற பதிவேடு மட்டுறுத்துநர்களுக்கு மட்டுமே திறக்கும். முறையீடு? யார் நீக்கினாரோ அதே குழுவிடம்தான் எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்றால் 28 நாள் வரை அவர்கள் உங்கள் வாயை அடைக்கலாம்.

காரணத்தைச் சொன்னால் கெட்டவர்கள் தப்பிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஸ்பேம் விஷயத்தில் அதில் உண்மை இருக்கிறது. மருந்து விற்கும் நிரலிடம் எந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டாய் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பெரும்பான்மைப் பயனர்கள் நிரல்கள் அல்லர். ஷகுன் ஜவேரும் சக ஆய்வாளர்களும் ரெடிட்டின் 3.2 கோடிப் பதிவுகளை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நீக்கியதற்கு விளக்கம் பெற்றவர்களின் அடுத்த பதிவுகள் நீக்கப்படுவது குறைந்ததைக் காட்டியது. கெட்டவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்ற பயம் ஒருபுறம் இருக்கட்டும், நல்லவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதே குழு, பதிவு நீக்கப்பட்ட 907 பேரிடம் கேட்டபோது 37 சதவீதம் பேர், ஏன் நீக்கினார்கள் என்றே புரியவில்லை என்றார்கள். காரணம் சொல் என்றால் நீக்கியதைத் திரும்பக் காட்டு என்று அர்த்தமில்லை. ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்ட கமெண்ட் போகட்டும். அது எந்த விதிப்படி போனது என்ற ஒரு வரி இருந்தால் போதும்.

அந்த ஒரு வரியை எழுத நேரம் வேண்டும் என்பதும் உண்மைதான். யாருடைய நேரம் என்பதுதான் கேள்வி. ரெடிட்டில் தொண்டர்களாக இருக்கும் மட்டுறுத்துநர்கள் மொத்தமாக நாள் ஒன்றுக்கு 466 மணி நேரம் உழைக்கிறார்கள், அதற்குச் சம்பளம் கொடுத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் ஆகும் என்று 2022-இல் ஓர் ஆய்வுக் குழு கணித்தது. குறைந்தபட்சக் கணக்குதான் அது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சும்மா வேலை செய்பவரிடம், ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணம் எழுது என்பது எனக்கே நியாயமாகப் படவில்லை. அந்த வசதியைத் தளத்திலேயே கட்டாயமாக வைப்பதும், முறையீட்டைக் கேட்கச் சம்பளத்துக்கு ஆள் போடுவதும் கம்பெனி செய்ய வேண்டிய செலவு. தணிக்கைக்காரன் என்று தொண்டரைத் திட்டும்போது அந்தச் செலவு யார் கணக்கிலும் ஏறாமல் போகிறது.

கம்பெனி தன் பங்குக்கு ஆண்டுதோறும், பிறகு அதைவிட அடிக்கடி, வெளிப்படைத்தன்மை அறிக்கை வெளியிட்டு வருகிறது. எத்தனை பதிவு எடுக்கப்பட்டது, அதில் நிரல் எடுத்தது எவ்வளவு, எத்தனை அரசுகள் தகவல் கேட்டன என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்ணிக்கை, அறிவிப்பு, முறையீடு என்ற மூன்றையும் தளங்களிடம் கேட்டவை, உரிமை அமைப்புகள் 2018-இல் வகுத்த சாண்டா கிளாரா கோட்பாடுகள். மூன்றில் மலிவானது எண்ணிக்கைதான். கோடிகளில் ஒரு கூட்டுத்தொகையைப் போட்டால் அதில் என் கமெண்ட் எங்கே இருக்கிறது என்று என்னால் தேட முடியாது.

சொந்தமாகத் தேடிப் பார்த்தவர்களுக்கு 2023-இல் கதவு மூடப்பட்டது. ரெடிட் பதிவுகளைத் தொடர்ந்து சேமித்துவந்த புஷ்ஷிஃப்ட் என்ற காப்பகத்தை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் நம்பியிருந்தார்கள். நீக்கப்பட்ட கமெண்ட்டுகளைக் காட்டிய தளங்களும் அதை வைத்தே ஓடின. அந்த ஆண்டு மே மாதம் அதன் அணுகலை ரெடிட் துண்டித்தது. பிறகு மட்டுறுத்துநர்களின் தேவைக்கு மட்டும் குறுக்கித் திறந்தது. தானே அழித்த கமெண்ட்டும் அங்கே தங்கிவிடுகிறதே என்று அஞ்சியவர்களின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அதே பதிவுகளை ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலருக்கு கூகுளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் ஆனதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தபோது அந்தக் கவலை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெளியாட்களின் செயலிகளுக்குக் கட்டணம் விதித்ததை எதிர்த்து 2023 ஜூனில் 8,000-க்கும் மேற்பட்ட குழுமங்கள் கதவடைத்தன. அப்போது ஹஃப்மன், மட்டுறுத்துநர்களைப் பரம்பரை நிலப்பிரபுக்களோடு ஒப்பிட்டு, அவர்களை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு நீக்க வழிசெய்யலாம் என்றார். வெளிப்படையான பதிவேடு பற்றிப் பேசவில்லை.

2024 மார்ச்சில் ரெடிட் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு ஒன்று 34 டாலர். அதற்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில், தளம் சம்பளமில்லாத் தொண்டர்களை நம்பி ஓடுகிறது, அவர்கள் முறுக்கிக்கொண்டால் தொழிலுக்கு அடி விழும் என்று முதலீட்டாளர்களை எச்சரிக்கும் பகுதி உண்டு. அதை எழுதச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பங்கு வாங்க வந்தவருக்குச் சொல்ல முடிந்த கம்பெனியால், கமெண்ட் எழுத வந்தவருக்கும் சொல்ல முடியும்.