ஓமோன் சிகிச்சையும் பொருள்கூறுவோரும்

மருத்துவ ஆய்வேட்டை வாசிக்கத் தெரிந்தோர் யாவரும் அதற்குப் பொருள்கூறவும் தகுதியுடையோரே என்னும் எண்ணம் இன்று வேரூன்றியுள்ளது. அதன் கேட்டினை ஓமோன் சிகிச்சையின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் ‘பெண்கள் சுகாதார முன்முயற்சி’, மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் நடாத்திய பரிசோதனையின் முடிவுகள் 2002இல் வெளியாயின. ஈஸ்ரோஜனையும் புரோஜெஸ்ரினையும் சேர்த்து உட்கொண்டோரிடையே மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதலாயிருந்தது. நூற்றுக்கு இருபத்தாறு பேர் நோயுறுவர் என இதனை வாசிப்பது பெரும் பிழை. ஆண்டொன்றில் பதினாயிரவருக்கு 30 என்றிருந்தது 38 ஆயிற்று; அதிகரிப்பு எண்மரே. பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பதும் கவனிக்கப்படவில்லை. ஓமோன் சிகிச்சை யாவும் நஞ்செனத் தீர்ப்பளிக்கப்பட்டது. பயன்பெறக்கூடிய பெண்கள் பலர் அதனைக் கைவிட்டனர். கருப்பை அகற்றப்பட்டோர் ஈஸ்ரோஜனை மட்டும் உட்கொண்ட மற்றைய பரிசோதனையில் அத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை என 2004இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் அச்சம் அகலவில்லை.

மருத்துவர் கூற்றை வேதவாக்காகக் கொள்ளுமாறு இங்கு வேண்டப்படவில்லை. இச்சிகிச்சை இதயத்தைக் காக்குமென நம்பிய மருத்துவரையும் அதே பரிசோதனையே திருத்திற்று. யாரிடம், எவ்வளவு காலம், எதனோடு ஒப்பிட்டு என வினவும் பயிற்சியே பொருள்கூறும் உரிமையைத் தருவது. அப்பயிற்சியற்றோரின் விளக்கத்தை நம்பிச் சிகிச்சையைத் தொடங்குதலும் நிறுத்துதலும் ஒருங்கே தீங்கானவை.