கிடப்பில் போட்டே கொன்ற மசோதா

"நேரம் கிடைக்கவில்லை" என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புத் திருத்த மசோதாவுக்கு அந்த அளவு விளக்கம்கூடக் கிடைக்கவில்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கல் செய்தார்கள். அதே மாதம் நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். குழு 2021 ஜனவரியில் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவை கூடியது, ஒத்திவைக்கப்பட்டது, மறுபடி கூடியது. அமளிக்கு நடுவிலேயே பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. இது மட்டும் விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. 2024இல் 17ஆவது மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியாகிப் போனது. புதிய அவை கூடிய முதல் ஆண்டிலும் அதைத் தூசி தட்டி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த மசோதாவை எடுப்பது, எதை அடுத்த முறை பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பு உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இதைத் தள்ளிவைத்தது அவர்கள் எடுத்த முடிவு.

மருமகனும் மருமகளும் பராமரிப்புக் கடமைக்குள் வருவார்களா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் மசோதா வந்தபோது தொலைக்காட்சி விவாதங்கள் நடந்தன. மாமியாருக்கு மருமகள் பணம் கட்ட வேண்டுமா என்று கத்தினால் நேயர்கள் பார்ப்பார்கள். அந்தக் கூச்சலில் யாரும் கவனிக்காத பகுதி ஒன்று இருந்தது. முதியோர் இல்லம் நடத்துகிறவர் எவராக இருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். உணவு, கட்டட வசதி, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கு மத்திய அரசு குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்றது அது. வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பராமரிக்கும் நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை. நம் கோபம் அந்தப் பகுதியைப் பற்றியது.

இப்போது நடைமுறையில் இருக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் முதியோர் இல்லங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது, அதையும் கட்டாயமாக்கவில்லை. தனியாரோ அறக்கட்டளையோ நடத்தும் இல்லத்துக்குப் பதிவு வேண்டும் என்றும், பதிவில்லாமல் நடத்தினால் இன்ன தண்டனை என்றும் அதில் ஒரு வரி கிடையாது. ஆனாலும் ஏதாவது ஓர் இல்லத்தைப் பற்றிச் செய்தி வெளியானால், அடுத்த வாரம் மாவட்டம் மாவட்டமாக ஆட்சியர்களின் அறிவிப்பு வருகிறது. பதிவு பெறாமல் இயங்கும் இல்லங்கள் இத்தனை நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கடும் நடவடிக்கை என்று அது முடியும். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டால் ஆட்சியர் என்ன சொல்வார்? நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் கட்டட விதி மீறல், சுகாதாரக் குறைவு என்று வேறு சட்டங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. முதியோர் இல்லங்களுக்கென்று ஒரு சட்டம் கையில் இல்லை.

குழந்தைகள் இல்லத்துக்கு என்ன விதி என்று பாருங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பதிவு தாமதமாகும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். பெண்கள் விடுதிகளுக்கும் குழந்தைகள் விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மனநலக் காப்பகங்களுக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்குகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இப்படி ஒரு சட்டம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தவர், மறதி நோய் வந்து தன் பெயரையே மறந்தவர், மாத்திரையைக் கேட்கத் தெரியாதவர் எல்லோரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். புகார் கொடுக்கும் தெம்பு அவர்களிடம் இல்லை. பலருக்கு வந்து பார்க்கவும் ஆள் இல்லை.

குறைந்தபட்சத் தரம் என்றால் ஏதோ பெரிய காரியம் என்று டெல்லியில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. ஊருக்கு வெளியே, வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீட்டின் இரவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். கீழே ஆண்கள், மேலே பெண்கள். நினைவு தவறியவர் தெருவில் இறங்கிப் போய்விடக் கூடாது என்று கிரில் கேட்டைப் பூட்டியிருக்கிறார்கள். சாவி ராத்திரி ஆயாவின் இடுப்பில். ஆயா ஒருவர்தான், பகல் முழுக்கவும் வேலை பார்த்தவர் அவரே. நள்ளிரவில் ஸ்விட்ச் பெட்டியில் புகை வந்தால் ஆயா முதலில் எழுந்திருக்க வேண்டும், பிறகு சாவியைத் தேட வேண்டும், பிறகு நடக்க முடியாதவர்களை மாடிப்படி வழியாக இறக்க வேண்டும். குளியலறை வாசலில் ஒரு படி இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. சர்க்கரை மாத்திரை யாருக்கு, எப்போது கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்பது நர்சிங் படித்த பிள்ளைகளுக்குப் பாலபாடம். அங்கே நர்சிங் படித்தவர் யாரும் இல்லை. டயப்பர் மிச்சம் பிடிக்க மாலைக்கு மேல் தண்ணீரைக் குறைக்கிற இல்லங்களும் உண்டு. முதுகில் புண் வந்த பிறகு, வயசானால் இதெல்லாம் சகஜம் என்று மகனுக்கு போனில் சொல்லிவிடுவார்கள்.

இரவில் இத்தனை பேருக்கு ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். வெளியே போகும் வழி உள்ளிருப்பவர் திறக்கும்படி இருக்க வேண்டும். மருந்துக்கு ஒரு பதிவேடு, மருத்துவர் வந்து போனதற்கு ஒரு கையெழுத்து. இதை எழுதி வைக்க நிபுணர் குழுவும் தேவையில்லை, வெளிநாட்டுப் பயணமும் தேவையில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லங்களை நிறுவனக் கட்டடம் என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. வீடாகக் கட்டி, வீடாகவே வரி கட்டிவந்து, ஒரு நாள் வாசலில் பலகை மாட்டி இல்லமாகிவிட்ட கட்டடத்தை அந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்க்க யார் போகிறார்கள்? அப்படி ஓர் இல்லம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே போக முடியும். தெரிவதற்குத்தான் பதிவு. அந்தப் பதிவைத்தான் காலாவதியாக விட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் மானியம் வாங்கும் இல்லங்களுக்காவது மானியத்தோடு நிபந்தனைகள் வருகின்றன. மானியமே வேண்டாம் என்று நடத்துகிறவரை எந்த நிபந்தனையும் தொடுவதில்லை.

இதன் விலையை நாம் பார்த்திருக்கிறோம். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் இல்லத்தின் விவகாரம் 2023 பிப்ரவரியில் எப்படி வெளியே வந்தது? எந்த அதிகாரியும் ஆய்வுக்குப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. 2021 டிசம்பரில் அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தார். பெங்களூருவில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கே போனால் ஆள் இல்லை. உறவினர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அரசு இயந்திரம் அந்த வாசலை மிதித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடியிடம் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். உரிமம் இல்லாமல் ஓர் இல்லம் ஆண்டுக்கணக்கில் எப்படி நடந்தது என்ற கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கும் முதியவரைத் தேடி வெளிநாட்டிலிருந்து வந்து வழக்குப் போட எல்லோருக்கும் ஓர் உறவினர் வாய்ப்பதில்லை.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2018 பிப்ரவரியில், உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரம். அங்கிருந்த ஓர் இல்லத்தின் வண்டியில் காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும், அதோடு உயிருள்ள முதியவர்களும் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு மூதாட்டி கூக்குரலிட்டதைக் கேட்டு வழியில் போனவர்கள் வண்டியை மறித்தார்கள். அன்றைக்கும் கண்டுபிடித்தது அரசு அல்ல. இன்னும் பின்னால் போனால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிச் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுத்த பிறகே மனநலக் காப்பகங்களின் மீது கண்காணிப்பு வந்தது. முதியோர் இல்லங்களுக்குச் சட்டம் வர எத்தனை உயிர் கணக்கு என்று டெல்லியில் இருப்பவர்களே சொல்லிவிட்டால் நல்லது.

ஒவ்வொரு முறையும் நாம் காண்பது ஒரே காட்சி. அதிகாரிகள் வருகிறார்கள், சீல் வைக்கிறார்கள், உள்ளே இருந்தவர்களை வேன்களில் ஏற்றி வேறு இல்லங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த வேறு இல்லங்களின் தரம் என்ன என்பதைச் சோதிக்கவும் சட்டப்படியான அளவுகோல் கிடையாது.

மூத்த குடிமக்கள் விஷயத்தில் இதே டெல்லி மேசைகளின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. முதியோருக்கான தேசியக் கொள்கை 1999இல் வந்தது. காலம் மாறிவிட்டது என்று 2011இல் புதிய வரைவு எழுதினார்கள். ஆட்சி மாறியது, வரைவு வரைவாகவே கிடந்தது. மத்திய அரசு முதியோர் ஓய்வூதியத்துக்குத் தரும் பங்கு 2007இல் மாதம் 200 ரூபாய். எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்றும் அதே 200தான். அந்தப் பணத்தில் சர்க்கரை நோய்க்கு ஒரு மாதத்து மாத்திரை வாங்கிப் பார்க்கட்டும். பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயம் வாங்கித் தரக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு 2007இல் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். அதை நீக்கவும் இந்த மசோதாவில்தான் வழி இருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று. ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, ரயில்கள் நிரம்பி வழிகின்றன, சலுகை மட்டும் ஊர் திரும்பவில்லை. முதியவர்களிடமிருந்து எடுப்பதென்றால் ஒரே சுற்றறிக்கை போதுமானதாக இருக்கிறது. கொடுப்பதென்றால் நிலைக்குழு, அறிக்கை, பரிசீலனை.

பணம் உள்ளவர்களுக்கு மட்டும் மனசு இரங்கியிருக்கிறது. கோவையைச் சுற்றி எழும்பும் ஓய்வுக்கால வில்லாக்களைப் போன்றவற்றுக்காக வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்பது முதற்கொண்டு யோசித்திருக்கிறார்கள். நல்லதுதான். மாதம் சில ஆயிரம் ரூபாய் கட்டி, ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் வாங்குகிறவரின் சாய்தளத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்?

சட்டத்தைத் தராதவர்கள் உபதேசத்தைத் தாராளமாகத் தருகிறார்கள். முதியோர் தினமான அக்டோபர் 1 அன்று ஒவ்வோர் ஆண்டும் மேடை ஏறி, பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். கூட்டுக்குடும்பம் சிதைந்ததே காரணம் என்கிறார்கள். பழமும் சேலையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை துபாயிலும் மருமகள் ஷிஃப்ட் வேலையிலும் இருக்கிற வீட்டில், விழுந்து எழ முடியாத அம்மாவை இல்லத்தில் சேர்ப்பது கைவிடுதல் ஆகாது. பிள்ளையே பெறாதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கதை வேறு. மக்கள்தொகைத் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பின்படி தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இல்லங்கள் இன்னும் பெருகும். உபதேசத்தால் ஓர் இல்லத்தின் கழிவறையில்கூடக் கைப்பிடி முளைக்காது.

கறாராகச் சட்டம் போட்டால் தர்மத்துக்கு நடத்தும் சின்ன இல்லங்கள் மூடிவிடும் என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் வீட்டிலேயே பத்துப் பேரை வைத்துக் கஞ்சி ஊற்றுகிறவர்களை நாமும் அறிவோம். அவர்களுக்கு உதவியும் அவகாசமும் கொடுக்கட்டும். அவர்கள் பெயரைச் சொல்லி மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டாம்.

மாநில அரசும் டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. விடுதிகளுக்கு 2014இல் சட்டம் இயற்றத் தெரிந்த சட்டமன்றத்துக்கு இதற்கும் வழி தெரியும். மத்தியச் சட்டமோ மாநிலச் சட்டமோ, பல் உள்ள ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசு எடுக்காத மசோதாவை அவர்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். அதுவும் முடியாவிட்டால் கேள்வி நேரத்தில் எழுந்து, இதை ஏன் சாகவிட்டீர்கள் என்று கேட்கலாம். அடுத்த கூட்டத்தொடரில் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறவர் யார் என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.