வலி வரும்வரை காத்திருப்பதா?

நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். குடும்பத் தலைவர் மட்டும் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பை வைத்துக் கடித்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். வலி நிற்கவில்லை.

பொழுது விடிந்ததும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். "டாக்டர், இந்தப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள்!" என்கிறார்.

இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பல்லில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு சிறு கரும்புள்ளிதான் இருந்தது. அன்றைக்கே அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். பல் பிழைத்திருக்கும்.

பல் பிடுங்கும் இடம் மட்டுமா?

சர்க்கார் ஆஸ்பத்திரியின் பல் பிரிவு, பல் பிடுங்கும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். இது தவறு. சொத்தையை அடைப்பது, பல்லில் படிந்த காரையை எடுப்பது, ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்வது எல்லாம் அங்கே உள்ள வேலைதான்.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும், பல தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பல் டாக்டர் இருக்கிறார். பெரிய சிகிச்சை வேண்டுமானால், சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இப்போது சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பணம் பிடிக்கிறார்களா? 2019 முதல் நூறு ரூபாய்க்கு 75 காசு பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக ரூ.3.25 கட்டுகிறார். அந்தப் பணத்தில் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் பல் சிகிச்சையும் அடங்கும். மாதந்தோறும் பணத்தைக் கட்டிவிட்டு, பல்லைக் காட்டாமல் இருக்கலாமா?

ஆறு வயதுப் பல்

தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே இது முளைக்கும். அதனால் பலர் இதையும் பால் பல் என்று எண்ணி, "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

அது விழும் பல் அல்ல. ஆயுள் முழுவதும் சோறு மெல்லவேண்டிய பல். அது போனால் மறுபடி முளைக்காது.

பால் பல்லாக இருந்தாலும் சொத்தையை அலட்சியம் செய்யக்கூடாது. பல்வலியோடு இருக்கும் குழந்தை சரியாகச் சாப்பிடாது. தூங்காது. பாடத்திலும் மனம் செல்லாது.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி, டாக்டர் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், சர்க்கார் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பார்க்கவேண்டும். பல்லையும் பார்க்கவேண்டும். "பல்லில் சொத்தை" என்று சீட்டு எழுதிக்கொடுத்தால், அந்தச் சீட்டு புத்தகப் பையிலேயே கிடக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வாய் கெட்டால் உடலும் கெடும்

பல் நோய் பல்லோடு நிற்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வருகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஒன்றுக்கொன்று தீனி போடுகிறது. எனவே நீரிழிவுக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள், அன்றைக்கே பல் டாக்டரிடமும் வாயைக் காட்டிவிட்டு வரலாம்.

இருதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு, வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்தையே தாக்கக்கூடும். அவர்கள் தங்கள் நோயைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்திருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் தாமதிக்கக்கூடாது. அந்தப் புண்ணில் பெரும்பாலும் வலி இருக்காது. அதுதான் ஆபத்து!

வீண் பயம் வேண்டாம்

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. பயப்பட வேண்டியதே இல்லை.

"பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்" என்பதும் தவறு. பல் இடுக்கில் காரை கல்லாகப் படிந்து ஈறைத் தின்றுவிடுகிறது. காரையை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது. பல்லை ஆட்டியது காரைதான், டாக்டர் அல்ல.

சர்க்காரின் கடமை

மக்கள் மட்டும் திருந்தினால் போதாது. வெளி நோயாளிகளைப் பெரும்பாலும் காலையில்தான் பார்க்கிறார்கள். கூலி வேலை செய்பவர் பல்லைக் காட்டவேண்டுமானால், ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். வலி இல்லாத பல்லுக்காக யார் கூலியை இழப்பார்கள்?

ஆகவே, வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் பல் பிரிவைத் திறந்துவைக்க வேண்டும். பல் டாக்டர் இடம் காலியாக இருந்தால் உடனே நிரப்பவேண்டும். நாற்காலி இருந்தும் அடைப்பதற்கு மருந்து இல்லை என்ற நிலை எங்கும் வரக்கூடாது. அடைக்க மருந்து இல்லாவிட்டால், ஏழையின் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கிய நம் பாட்டனாருக்கு இந்த வசதிகள் இல்லை. நமக்கு இருக்கின்றன. இரவில் படுக்கப்போகுமுன் பல் துலக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு போய்ப் பல்லைக் காட்டுங்கள்.

சீட்டுக்குக் காசு இல்லை. போன பல்லுக்கோ விலையே இல்லை!