பதினைந்து வயது நிரம்பும் வரை காத்திராதீர்கள்!



ஊட்டி மார்க்கெட்டிலும் குன்னூர் பஜாரிலும் கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்களே! கூடலூர், பந்தலூர் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பிறந்து இன்று கல்லூரிக்குச் செல்லும் இளைஞர்களே! உங்கள் வீட்டில் 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட மகளோ தங்கையோ இருக்கிறாளா? இருந்தால் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிடாதீர்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று ஒரு நோய். நம் நாட்டில் ஆண்டுதோறும் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அது பிடிக்கிறது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொண்டுபோகிறது. ஏழைப் பெண்ணுக்குத்தான் அது அதிகம் எமனாகிறது. ஏனெனில் அவள் வலியைச் சொல்ல வெட்கப்படுகிறாள். ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறாள். நோய் முற்றிய பிறகு கோவைக்கும் கோழிக்கோட்டுக்கும் அலைகிறோம். கடன் வாங்குகிறோம், நகையை விற்கிறோம், பள்ளிவாசலில் உதவி கேட்கிறோம். ஆனால் கைவிட்டுப் போனது திரும்புவதில்லை.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இவற்றைத் தடுக்கத்தான் தடுப்பூசி.

"நம் பெண்கள் ஒழுக்கமாக வளர்பவர்கள். அவர்களுக்கு எதற்கு இந்த ஊசி?" என்று சிலர் கேட்கிறார்கள். சகோதரரே, உங்கள் மகள் ஒழுக்கமானவள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நாளை அவளுக்கு வரப்போகும் மணமகனின் கடந்த காலத்துக்கு உங்களால் உத்தரவாதம் தர முடியுமா? இந்த வைரஸ் ஆணிடமும் எந்த அடையாளமும் காட்டாமல் தங்கியிருக்கும். கணவனைத் தவிர வேறொருவரை அறியாத எத்தனையோ உத்தமிகளை இந்த நோய் தாக்கியிருக்கிறது. திருமணத்துக்கு முன்பே பாதுகாப்புத் தேடுவது மகளைச் சந்தேகிப்பதாகாது, அவளைக் காப்பதாகும்.

அடுத்த கேள்வி நியாயமானது. "ஏழைகளின் பிள்ளைகள் மீது சோதனை செய்கிறார்களே?" என்ற கேள்வி. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 2009ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஓர் அமெரிக்க அமைப்பின் திட்டத்தின்படி சுமார் 24 ஆயிரம் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. அவர்களில் 7 பேர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. விசாரணையில் அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்கவில்லை என்று தெரியவந்தது. ஆனால் வேறொரு உண்மை வெளியே வந்தது. ஆந்திராவில் ஆய்வு செய்யப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள்! 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆதிவாசிப் பெற்றோருக்கு வாய் இல்லை என்று நினைத்தவர்களுக்கு அது சரியான சவுக்கடி.

ஆகவே கேள்வி கேளுங்கள். ஆனால் கேள்வி கேட்பது வேறு, கதவைச் சாத்துவது வேறு.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

எத்தனை டோஸ் போட வேண்டும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் 3 டோஸ் என்றார்கள். இரண்டு டோஸ் போதுமா என்று பார்க்க 2009ல் இந்தியாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். கம்மம் விவகாரத்தால் 2010ல் இந்த ஆய்விலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. இதனால் ஏறத்தாழ 5 ஆயிரம் சிறுமிகள் ஒரே ஒரு டோஸுடன் நின்றுபோனார்கள். அல்லாஹ்வின் நாட்டத்தைப் பாருங்கள்! பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு டோஸ் போட்டவர்களுக்கும் 16, 18 வகை வைரஸ்களிடமிருந்து ஏறக்குறைய மூன்று டோஸ் போட்டவர்களைப் போன்ற பாதுகாப்பு இருந்தது. இதையும் பிற நாட்டு ஆய்வுகளையும் பார்த்து, 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும் என்றும், 21 வயதுக்கு மேல் 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

ஆனால் தனியார் மருத்துவமனைக்குப் போனால் கணக்கு வேறாக இருக்கும். புனே சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' ஊசிக்கு 2022ல் அனுமதி கிடைத்தபோது விதிக்கப்பட்ட முறை இது: 9 முதல் 14 வயது வரை 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ்; 15 முதல் 26 வயது வரை முதல் ஊசி, இரண்டாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று டோஸ். 2023ல் விற்பனைக்கு வந்தபோது டோஸ் ஒன்றின் விலை சுமார் 2,000 ரூபாய். வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டுமா? 14 வயதில் 4,000. 15 ஆகிவிட்டால் 6,000! பணத்தை விடுங்கள். சிறு வயது உடல்தான் இந்த ஊசிக்கு நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. வைரஸ் உள்ளே வந்த பிறகு ஊசியால் அதை விரட்ட முடியாது. மழை வந்த பின் கூரை வேய்வதில் என்ன பயன்?

ஊசியில் வைரஸின் உயிர் இல்லை. ஈஸ்ட் நுண்ணுயிரில் தயாரான அதன் மேலுறைப் புரதம் மட்டுமே. மலட்டுத்தன்மை உண்டாகும் என்பது ஆதாரமற்ற வதந்தி. கை வலிக்கலாம், சிலருக்கு மயக்கம் வரலாம். எனவே ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். மலேசியா 2010லிருந்து பள்ளிகளிலேயே போடுகிறது. வங்கதேசம் 2023லும் பாகிஸ்தான் 2025லும் ஒரு டோஸ் முறையில் தொடங்கின. நம் தோட்டத் தொழிலாளர் பலரின் சொந்தங்கள் வாழும் இலங்கையில் 2017 முதல் பள்ளிச் சிறுமிகளுக்கு அரசே போடுகிறது. நம்மைப் போன்ற மலைப் பிரதேசமான சிக்கிம் 2018லேயே செய்து காட்டியது.

வதந்தியின் விலை என்ன என்பது நமக்குத் தெரியாததா? தடுப்பூசி போடாத குழந்தைகள் 2016ல் மலப்புறத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானார்கள். கூடலூரிலிருந்து மலை இறங்கினால் மலப்புறம்தானே!

நாம் செய்ய வேண்டியது

2025 மார்ச் மாத பட்ஜெட்டில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, எங்கள் ஊருக்கு என்றைக்கு, எத்தனை டோஸ் என்று கேளுங்கள். படிவம் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும், கையெழுத்து பெற்றோருடையதாக இருக்க வேண்டும் என்று ஜமாஅத் சார்பில் மனுக் கொடுங்கள். பள்ளியை விட்டு நின்ற தோட்டத்துப் பிள்ளைகளும் மதரஸா விடுதிப் பிள்ளைகளும் விடுபடக் கூடாது.

1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் ஆய்வு நிலையம் இருக்கிறது. 2008ல் அதன் தயாரிப்பு உரிமத்தை நிறுத்திவைத்த மத்திய அரசு, எதிர்ப்புக்குப் பின் 2010ல் திரும்பத் தந்தது. இந்த ஊசியை ஏன் அங்கே தயாரிக்கக் கூடாது? இதை அரசியல் மேடைகளில் கேட்க வேண்டியது நம் இளைஞர்கள்.

ஆலிம் பெருமக்கள் ஜும்ஆ பயானில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கட்டும். 30 வயதைத் தாண்டிய தாய்மார்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை உண்டு என்பதையும் சொல்லட்டும். வசதியுள்ள வணிகர்கள் தம் மகளுக்குப் போடும்போது லைன் வீட்டில் வாழும் இன்னொரு மகளையும் நினைக்கட்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். கட்டாமல் விட்டுவிட்டுப் பின்னால் கதறுவதில் பயனில்லை. உங்கள் மகளின் வயதை இன்றே எண்ணிப் பாருங்கள்.